கிணற்றில் கிடக்கும் மர்யம் பூ

என் மர்யம் பூவைக் கிணற்றில் போட்டது அநியாயம். போட்டவள் ஜுலைகா. புவனகிரியில் எங்களுக்கு அடுத்த வீட்டுக்காரி. இத்தனை வருஷம் கழித்து எதற்கு இதெல்லாம் என்று என் மகன் கேட்கிறான். போனது உன் பூ இல்லை, பேசாமல் இரு என்றேன்.

அதன் வாசனை இன்னும் என் மூக்கில் இருக்கிறது… காய்ந்திருக்கும்போது ஒன்றும் தெரியாது. தண்ணீரில் போட்டதும் பழைய வைக்கோலும் புது மழையும் கலந்தாற்போல் ஒன்று கிளம்பும்.

பூ என்று சொல்வதுதான். பார்த்தால் காய்ந்த சுள்ளிகளால் ஆன, இறுக மூடிய ஒரு கை. என் கணவர் ஹஜ்ஜுக்குப் போனபோது வாங்கி வந்தது. எங்களில் ஒரு பெண்ணுக்கு வலி எடுத்தால், கிண்ணத்துத் தண்ணீரில் அதைப் போட்டுப் பக்கத்தில் வைப்பார்கள். விரல் விரலாக விரியும். அது விரிய விரியப் பிள்ளைக்கு வழி திறக்கும் என்பது நம்பிக்கை. பிரசவம் முடிந்ததும் நிழலில் காயவைத்தால் மறுபடி மூடிக்கொள்ளும். அடுத்த வீட்டுக்குப் போகும்.

அந்தத் தண்ணீரைச் சிலர் குடிக்கவும் கொடுப்பார்கள். நான் கொடுத்ததில்லை. பார்ப்பதற்குத்தான் வைப்பேன்.

நான் நர்ஸும் இல்லை, மருத்துவச்சியும் இல்லை. யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவுமில்லை. வலி ஆரம்பித்ததிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் வரை கூட இருப்பேன். நடக்க வைப்பேன். இடுப்பைத் தேய்த்துவிடுவேன். பேரீச்சம்பழத்தைப் பிய்த்து ஊட்டுவேன். இந்தப் பூவுக்குப் பெயர் தந்த மர்யம் அலைஹிஸ்ஸலாம் மரத்தடியில் தன்னந்தனியாக வலி பொறுத்ததைச் சொல்லி, காதருகில் மெதுவாக ஓதுவேன். வலி ஏறும்போது, "பூவப் பாரு புள்ள… இன்னொரு வெரல் தொறந்துடுச்சு. மூச்ச விடு" என்பேன்.

2008 மழைக்காலம். ஜுலைகாவின் மருமகள் நஸ்ரீனுக்குத் தலைப்பிரசவம். தாய் இல்லாத பெண், அதனால் மாமியார் வீட்டிலேயே இருந்தாள். மத்தியானம். வெள்ளாற்றில் தண்ணீர் புரண்டு போய்க்கொண்டிருந்தது. கரண்ட் இல்லை. ஜன்னல் வெளிச்சத்தில் கிண்ணத்தை வைத்திருந்தோம்.

பூ பாதி விரிந்தது.

பிறகு மூட ஆரம்பித்தது…

தண்ணீரில் கிடக்கும்போது அது மூடி நான் பார்த்ததே இல்லை. தண்ணீர் குறையவுமில்லை. விரிந்த விரல்கள் ஒவ்வொன்றாக உள்ளே மடங்கின, எதையோ பிடித்துக்கொள்வது போல. யார் நம்பினாலும் நம்பாவிட்டாலும் சரி, பார்த்த கண் என்னுடையது.

நஸ்ரீன் வயிற்றில் கை வைத்தேன். பிள்ளை அசைகிறதா என்று கேட்டேன்.

"காலையிலேர்ந்து தெரியல மாமி" என்றாள். பயந்துகொண்டு யாரிடமும் சொல்லவில்லை.

உடனே சிதம்பரத்துக்குக் கிளம்பச் சொன்னேன். ஜுலைகா நகரவில்லை.

"பூவே மூடிக்கிச்சு லாத்தா. இன்னும் நேரம் வரலன்னுதான அர்த்தம்? இப்பவே போனா கத்திய வெச்சுடுவாங்க."

"பூ கெடக்குது. நீ ஆட்டோவக் கூப்புடு. இல்லன்னா தெருவுல நின்னு கத்துவேன்."

கத்துவேன் என்று அவளுக்குத் தெரியும். ஆட்டோ வந்தது. பூவை அங்கே விட மனமில்லாமல் முந்தானையில் முடிந்துகொண்டேன்.

அவர்கள் வழக்கமாகக் காட்டும் தனியார் ஆஸ்பத்திரி. பிள்ளையின் துடிப்பைக் கேட்டதும் நேராக ஆபரேஷனுக்குக் கொண்டுபோனார்கள். அதில் எனக்குக் குறையில்லை. கூட ஒரு பெண்ணை விடுங்கள் என்று கேட்டேன். விடவில்லை. நஸ்ரீன் என் கையைப் பிடித்திருந்தாள். அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் கொண்டுபோனார்கள்.

வராந்தா பெஞ்சில் நானும் ஜுலைகாவும் உட்கார்ந்திருந்தோம். முந்தானைக்குள் ஏதோ நெளிந்தது. அவிழ்த்துப் பார்த்தேன். பூ விரிந்துகொண்டிருந்தது… கிண்ணமும் இல்லை, தண்ணீரும் இல்லை.

"கடசி வெரலும் தொறந்துடுச்சு புள்ள" என்று என்னை அறியாமல் சொன்னேன். ஜுலைகா திரும்பிப் பார்த்தாள். உள்ளே குழந்தை அழுதது.

பெண் குழந்தை. கழுத்தில் கொடி சுற்றியிருந்ததாம்.

மறுநாள் நஸ்ரீன் என்னைப் பார்த்துச் சிரித்தாள். முதுகில் ஊசி போட்டுத்தான் ஆபரேஷன் செய்தார்கள், விழித்தபடிதான் இருந்திருக்கிறாள்.

"விடமாட்டேன்னாங்க, எப்டி மாமி உள்ள வந்தீங்க? கடசி வெரலும் தொறந்துடுச்சு புள்ளன்னு காதுல சொன்னீங்க. அப்புறந்தான் அது அழுதுச்சு."

ஜுலைகாவின் முகம் வெளுத்துவிட்டது. வெளியே அதே வார்த்தையைக் கேட்டவள் அவள்தானே. பேத்தியைக் கையில் வைத்துக்கொண்டே என்னைச் சூனியக்காரி என்றாள். அன்றே ஊருக்கு வந்து, என் கொல்லையில் முறத்தில் காய்ந்துகொண்டிருந்த பூவை எடுத்துப்போய்த் தன் வீட்டுக் கிணற்றில் போட்டாள். அதற்குப் பிறகு தெருவில் ஒரு வீடும் என்னைக் கூப்பிடவில்லை.

அன்றைக்குத் தண்ணீர் சேந்தப் போன வேலைக்காரப் பெண் வாளியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். உள்ளே யாரோ கையை விரித்துக் காட்டுகிறார்கள் என்றாளாம். பிறகு கிணற்றுக்கு சிமெண்ட் மூடி போட்டுவிட்டார்கள்.

2012இல் நஸ்ரீனுக்கு இரண்டாவது பிரசவம். அதே ஆஸ்பத்திரி, அதே மூடிய கதவு. பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. அப்புறம் மாமியாருக்குத் தெரியாமல் எனக்கு போன் செய்தாள்.

"கூப்ட்டுக்கிட்டே இருந்தேன் மாமி. நீங்க வரல."



இப்போது செம்மண்டலத்தில் மகன் வீட்டில் இருக்கிறேன். மாடியில் குடியிருக்கும் பெண் போனில் பிரசவ க்ளாஸ் கேட்கிறாள். எப்படி மூச்சு விடுவது, எப்படி நடப்பது, இடுப்பை எங்கே தேய்ப்பது, எதற்கு ஒருவர் கூட இருக்க வேண்டும்… எல்லாம் நல்ல பேச்சுதான். எங்கள் அறைகளிலும் இதுதான் நடந்தது. அந்த வாசனை மட்டும் போனில் வராது.

இனி நடக்க வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். ஜுலைகா உயிரோடுதான் இருக்கிறாள். என்னைச் சொன்ன வார்த்தையை அதே தெருவில் நின்று அவள் திரும்பப் பெற வேண்டும். அந்த ஆஸ்பத்திரிக்காரர்கள், வலியில் இருப்பவளோடு அவள் கேட்கும் ஒரு பெண்ணை உள்ளே விட வேண்டும். நஸ்ரீன் தன் மகளிடம் நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும். ஜுலைகாவின் மகன்கள், இப்போது வற்றிவிட்டதாகச் சொல்லும் அந்தக் கிணற்றின் மூடியை நகர்த்தி என் பூவை எடுக்க வேண்டும்.

பூ மூடியிருந்தால் துணியில் சுற்றி செம்மண்டலத்துக்குக் கொண்டுவாருங்கள். இன்னும் விரிந்தே இருந்தால் யாரும் தொட வேண்டாம். அங்கே யாருக்கோ வலி எடுத்திருக்கிறது. என்னைக் கூப்பிடுங்கள், நானே வருகிறேன்.