இடது கைக்குத் தனி அளவு

என் இடது கை வலது கையைவிட இரண்டு அங்குலம் குட்டை. டெய்லர் கடையில் நாலு பேர் பார்ப்பார்களே என்ற கூச்சத்தில், மகளின் நிச்சயதார்த்தத்துக்கு இன்டர்நெட்டில் முழுக்கைச் சட்டை தைக்கக் கொடுத்தேன். சிம்மக்கல் பிரவுசிங் சென்டரில் அளவுகளை நிரப்பும்போது இரண்டு கைக்கும் தனித்தனிக் கட்டம் இருந்தது. பக்கத்து சீட்டில் ஆள் இருந்ததால் இரண்டிலும் ஒரே அளவைப் போட்டுவிட்டேன்.

நிச்சயத்துக்கு முந்தைய நாள்தான் சட்டை கூரியரில் வந்தது. இடது கைப் பக்கத்தை மடித்து ஊக்கு குத்திக்கொண்டு போனேன். தட்டு மாற்றும்போது ஊக்கு கழன்று, விரல்கள் துணிக்குள் மறைந்தன. தட்டு சாய்ந்து, தேங்காய் விளிம்பு வரை உருண்டது. எதிரே நின்ற சம்பந்தி தாங்கிப் பிடித்தார். விழுந்திருந்தால் சகுனம் சரியில்லை என்று பேச்சு கிளம்பியிருக்கும்.

"என்ன சம்பந்தி, அண்ணன் சட்டையப் போட்டு வந்துட்டீகளா?" என்றார் மாப்பிள்ளையின் சித்தப்பா. எல்லாரும் சிரித்தார்கள். என் மகள் தலைகுனிந்தாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இடது சட்டைக் கையை முழங்கை வரை சுருட்டினேன். "சட்டை என்னோடதுதான். கைதான் குட்டை. கப்பலூர் பட்டறையில இருபது வருசமா லேத்து மிஷின் ஓட்டுறது இந்தக் கைதான். நல்லாப் பாத்துக்கங்க."

சம்பந்தி தட்டை மறுபடி நீட்டினார். இரண்டு கையாலும் வாங்கினேன்.

இப்போதும் இன்டர்நெட்டில்தான் சட்டை வாங்குகிறேன். பக்கத்து சீட்டில் யார் இருந்தாலும், இடது கைக் கட்டத்தில் இரண்டு அங்குலம் குறைத்தே போடுகிறேன்.