சகலதும் அடங்கலாக

கஞ்சி போட்டு மடித்த புதுச் சேலையின் வாசமும் டீசல் புகையும் சேர்ந்து மூக்கில் ஏறினால், இன்றும் என்னால் ஓரிடத்தில் இருக்க முடிவதில்லை. எழுந்து நடக்கத் தொடங்கிவிடுகிறேன், எங்கே போகிறேன் என்று தெரியாமலே. ஒரு பகல் முழுவதும் அந்த வாசம் என் முகத்தருகே இருந்தது. அது அம்மாவின் சேலை. நான் அவரது மடியில் இருந்தேன். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது முடிந்து பதின்மூன்று நடந்துகொண்டிருந்தது. உயரத்தில் அம்மாவின் காதளவுக்கு வந்துவிட்டேன். அந்த வயதில் ஒருவன் ஏன் தாயின் மடியில் இருந்து கொழும்புக்குப் போனான் என்பதை எழுதப் பலமுறை உட்கார்ந்து, பலமுறை விட்டுவிட்டேன்.

யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் எங்கள் ஒழுங்கை முகப்பில் இருந்த சங்கக்கடைச் சுவரில் ஒருநாள் மஞ்சள் நோட்டீஸ் ஒன்று ஒட்டப்பட்டிருந்தது. "தென்னிலங்கைச் சுற்றுப் பிரயாணம். ஐந்து நாட்கள். பஸ், சாப்பாடு, தங்குமிடம், மிருகக்காட்சிச்சாலை, காணிவேல், சகலதும் அடங்கலாக. பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டோருக்கு அரை ரிக்கற்." கீழே ஒரு பெரிய இராட்டினம் வரைந்திருந்தது. ஊரில் லொறி வைத்திருந்த துரையண்ணைதான் இதை ஒழுங்குசெய்தவர். கொழும்புக் கடற்கரையில் காணிவேல் என்ற களியாட்டம் நடக்கிறது என்றும், அதிலுள்ள இராட்டினச் சில்லின் உச்சிக்குப் போனால் துறைமுகத்துக் கப்பல்கள் தெரியும் என்றும் அவர் கடைவாசலில் நின்று எல்லோருக்கும் சொன்னார்.

நோட்டீஸை மனப்பாடம் செய்துகொண்டு வந்து நான் வீட்டில் ஒப்புவித்தேன். அப்பாவை நான் ஐயா என்றுதான் கூப்பிடுவேன். அவர் வெங்காயம் பிடுங்கிவிட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"மூண்டு அந்தர் வெங்காயத்தை வித்துப்போட்டு யானை ஆடுறதைப் பாக்கிறதோ? எங்கடை நாம்பன் மாடு துள்ளுறதைப் பாத்தால் காணும்," என்றார்.

அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்காமலே, "உந்தச் சில்லிலை ஏறினால் கப்பல் தெரியுமாமே, உண்மையோ?" என்று கேட்டார்.

அம்மாவின் தமையன் மலாயாவுக்குக் கப்பலேறியபோது அம்மா சின்னப்பிள்ளை. அங்கிருந்து இரண்டு கடிதங்கள் வந்தன. பிறகு உலக யுத்தம் வந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை. குடாநாட்டின் எல்லையான ஆனையிறவுக்கு அப்பால் அம்மா போனதே இல்லை. கப்பல் என்றால் எவ்வளவு பெரியது, அதில் ஒரு மனிதன் எந்த இடத்தில் நின்று கைகாட்டியிருப்பான் என்று அவர் எவரையும் கேட்டதில்லை. கேட்ட ஒரே கேள்வி இதுதான்.

அடுத்த சில நாட்கள் எங்கள் வீட்டில் வேறு கதையே இல்லை. ஐயா சாப்பிடும்போது கணக்குப் பார்த்தார், துலாவில் தண்ணீர் இறைக்கும்போது கணக்குப் பார்த்தார். விதை வெங்காயத்தில் கைவைக்க முடியாது. பசளைக்குக் காசு வேண்டும். கடைசியில், "ரண்டரை ரிக்கற் எண்டால் யோசிக்கலாம். மூண்டு ஏலாது," என்று முடித்தார். எனக்குப் பன்னிரண்டு முடிந்ததால் நானும் ஒரு முழு ஆள். எங்கள் பயணத்தைக் கெடுத்தது என் வயதுதான்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் நேரே துரையண்ணையின் வீட்டுக்குப் போனேன். அவர் கொப்பியில் பெயர்கள் எழுதிக்கொண்டிருந்தார்.

"தம்பி, உமக்கு எத்தினை வயது?"

"பன்னிரண்டு நடக்குது," என்றேன்.

எங்கள் ஊரில் வயது சொல்ல இரண்டு வழிகள் உண்டு: இத்தனை "முடிஞ்சுது", இத்தனை "நடக்குது". பன்னிரண்டு முடிந்தவன் முழு ரிக்கற். பன்னிரண்டு நடக்கிறவன் பதினொன்று முடித்தவன், அரை. நான் எண்ணை மாற்றவில்லை. அதன் பின்னால் வரும் சொல்லை மட்டும் மாற்றினேன். அதனாலேயே அது பொய் இல்லை என்று அன்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

அன்று பின்னேரம் துரையண்ணை சைக்கிளில் வந்துவிட்டார். "அண்ணை, ஏன் யோசிக்கிறியள்? தம்பிக்கு அரை காணும். ரண்டரைதானே."

ஐயா என்னைப் பார்த்தார், பிறகு அம்மாவைப் பார்த்தார். "இவனுக்குச் சித்திரையோடை பன்னிரண்டு முடிஞ்சுதெல்லே?"

என் சாதகம் அம்மாவின் பெட்டியில் இருந்தது. நான் பிறந்த நாழிகைகூட அவருக்குத் தெரியும். ஒரு கணம் அவர் என்னைப் பார்த்தார். நான் என்ன முகத்தோடு நின்றேனோ தெரியாது.

"நடக்குது," என்றார் அம்மா.

அம்மா சொல்லி நான் கேட்ட முதல் பொய் அது. ஐயா அதை நம்பினாரா, நம்ப விரும்பினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கடைக்காரன் தவறிக் கூடக் கொடுத்த சல்லியைத் திரும்பக் கொண்டுபோய்க் கொடுக்கிற மனிதர் அவர்.

விடியற்காலையில் பிள்ளையார் வாசலில் தேங்காய் உடைத்து பஸ் புறப்பட்டது. பெண்களும் பிள்ளைகளும் முன்பக்கம், ஆண்கள் பின்பக்கம், அரிசி மூட்டைகளோடும் சமையல் கிடாரங்களோடும். ஏறும்போதுதான் துரையண்ணை சொன்னார்: "அரை ரிக்கற்றுக்கு சீற் இல்லை அக்கா. மடியிலை வைச்சிருக்கோணும்."

பின்னாலிருந்து யாரோ, "உவன் தாயைத் தன்ரை மடியிலை வைச்சிருக்கலாம்," என்றார்கள். பஸ் சிரித்தது. அம்மாவும் சிரித்தார். நான் எழுந்து நிற்கப் பார்த்தேன். அம்மா என் காற்சட்டையைப் பிடித்து இழுத்து இருத்தி, காதுக்குள் சொன்னார்: "எழும்பாதை. நெடுப்பம் தெரியும்."

அப்படித்தான் போனோம். வவுனியாவுக்கு முன்பே என் கால்கள் மரத்துவிட்டன. அம்மாவின் கால்களைப் பற்றி நான் நினைக்கவில்லை. நெளிந்தேன், திரும்பினேன், யன்னலுக்கு எட்டினேன், கடைசியில் அவரது தோளில் சாய்ந்து நித்திரையும் கொண்டேன். இடையில் ஐயா பின்னாலிருந்து வந்து, "அவனை இஞ்சாலை விடன்," என்றபோது, "நீங்கள் பேசாமல் போய் இருங்கோ," என்றார் அம்மா. நான் எழுந்து நடந்தால் உயரம் தெரியும், ஐயாவுக்கு வெட்கமாகிவிடும் என்பது அவருடைய பயம்.

பொழுதுபடக் கொழும்பில் ஒரு கோயில் மடத்தில் இறங்கினோம். அம்மாவால் படியில் கால் வைக்க முடியவில்லை. முழங்காலுக்குக் கீழே இரண்டு காலும் வீங்கிப் பொங்கியிருந்தன. அடுத்தநாள் மிருகக்காட்சிச்சாலைக்கு நானும் ஐயாவும் போனோம். யானை ஆடியது. அம்மா மடத்தில் காலை உயர்த்தி வைத்துக்கொண்டு படுத்திருந்தார்.

அதற்கடுத்த நாள் பின்னேரம் காணிவேல். எல்லோரும் பஸ்ஸில் ஏறிவிட்டார்கள், துரையண்ணை கோர்ன் அடித்துக்கொண்டிருந்தார். ஐயா என்னை அனுப்பினார்: "கொம்மாவாலை ஏலுமோ எண்டு கேட்டுக்கொண்டு வா." உள்ளே போனால், அம்மா அந்தப் புதுச் சேலையை உடுத்து, தலை வாரி இழுத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஓமெண்டு சொல்லு. என்னைப் பிடிச்சுக்கொள், மெல்ல மெல்ல வாறன்," என்றார்.

எனக்கு அந்த "மெல்ல மெல்ல" மட்டும்தான் கேட்டது. அங்கே ஒரு மணித்தியாலம்தான் என்று துரையண்ணை சொல்லியிருந்தார். அம்மாவைத் தாங்கிக்கொண்டு மணலில் நடந்தால் மோட்டார் சைக்கிள் ஓடும் மரணக் கிணறும் பார்க்க முடியாது, சில்லிலும் ஏற முடியாது. "இருங்கோ, ஐயாவைக் கூட்டிக்கொண்டு வாறன்," என்று சொல்லிவிட்டு ஓடினேன். பஸ்ஸடியில் ஐயா நின்றார்.

"அம்மாவாலை ஏலாதாம்," என்றேன்.

பஸ் புறப்பட்டது.

காணிவேலில், வராத அம்மாவுக்கும் சேர்த்து, ஆளுக்கொரு துண்டு கொடுத்தார்கள். அதைக் காட்டினால் சில்லில் ஒருமுறை ஏறலாம். ஐயா தனக்குத் தலை சுற்றும் என்று கீழே நின்றுவிட்டார். நான் என் துண்டோடு ஏறினேன். இறங்கியதும் ஐயாவின் கையிலிருந்த அம்மாவின் துண்டை வாங்கிக்கொண்டு இரண்டாம் முறையும் ஏறினேன். இரண்டு முறையும் பயத்தில் உச்சியில் கம்பியை இறுக்கிப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டேன். ஒன்றும் பார்க்கவில்லை.

திரும்பி வந்தபோது அம்மா சேலை மாற்றாமல் வாசற்படியில் இருந்தார்.

"ஏன்ரா, பஸ் வெளிக்கிட்டிட்டுதோ?"

"ஓம்," என்றேன்.

அவர் என்னை நெடுநேரம் பார்த்தார். பிறகு, "பறவாயில்லை. இரு. என்ன பாத்தனி, ஒண்டும் விடாமல் சொல்லு," என்றார். சொன்னேன். சில்லைப் பற்றிக் கேட்டபோது, "எல்லாம் தெரிஞ்சுது," என்றேன். "கப்பல்?" என்றார். "தெரிஞ்சுது," என்றேன்.

ஊருக்கு வந்ததும் அயலட்டைச் சனமெல்லாம் எங்கள் முற்றத்துக்கு வந்தது. அடுத்த வீட்டு அன்னமக்கா ஐயாவிடம் நேரே கேட்டுவிட்டார்: "வெங்காயத்தை வித்துப்போட்டுப் போனியள், காசுக்குச் சரிவந்ததோ?"

ஐயா நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "அவவைக் கேளுங்கோ," என்றார்.

அம்மா சொன்னார். யானை எந்தக் காலை முதலில் தூக்கியது, மரணக் கிணற்றில் மோட்டார் சைக்கிள் எப்படி உறுமியது, எல்லாம் சொன்னார். என் சொற்கள்தான், ஆனால் என்னைவிட நன்றாகச் சொன்னார். "கண்ணாலை பாத்தனியோ?" என்று அன்னமக்கா கேட்டார். "பின்னை? ரிக்கற் எடுத்தெல்லே போனனாங்கள்," என்றார் அம்மா. பிறகு நான் சொல்லாத ஒன்றைச் சொன்னார். சில்லின் உச்சிக்குப் போனபோது தூரத்தில் ஒரு கப்பல் விளக்கெல்லாம் ஏற்றிக்கொண்டு நின்றதாம். மேல்தட்டில் ஒருவர் நின்றது தெரிந்ததாம். ஆள் யாரென்று தெரியவில்லையாம்.

அம்மாவின் கால் வீக்கம் இரண்டு கிழமையில் வற்றிவிட்டது. அவர் பிறகு ஆனையிறவைத் தாண்டவில்லை. தான் "ஓமெண்டு சொல்லு" என்று சொன்னதை ஐயாவிடம் அவர் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஐயாவும் அம்மாவும் காலமாகிப் பல வருடங்களாகின்றன.

இப்போது கனடாவில் மகனோடு இருக்கிறேன். போனகிழமை அவனும் மருமகளும் கணினிக்கு முன்னால் இருந்து ஒரு பெரிய விளையாட்டுப் பூங்காவுக்குப் போகிற ஐந்துநாள் பயணத்துக்கு விலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். விமானம், ஹோட்டல், சாப்பாடு, எல்லாம் அடங்கலாக. பத்து வயதானால் முழு விலை. பேரனுக்குப் போன மாதம் பத்து முடிந்தது. "ஒன்பதெண்டு போடுவமே?" என்று மருமகள் பகிடியாகக் கேட்டாள்.

"போடாதையுங்கோ," என்றேன். தேவைக்கு மேல் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலும்; இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னப்பா, உது காசுக்குச் சரிவருமோ?" என்று மகன் கேட்டான். எழுந்து யன்னலடிக்குப் போனேன், பிறகு கதவடிக்கு, பிறகு மீண்டும் யன்னலடிக்கு.

அந்த மஞ்சள் நோட்டீஸ் ஒட்டிய சுவர் இப்போது இல்லை என்கிறார்கள். துரையண்ணை இல்லை. நான் பார்த்த யானையின் முகம் மறந்துவிட்டது, மரணக் கிணற்றின் சத்தமும் மறந்துவிட்டது. நான் இரண்டு துண்டுகள் கொடுத்து ஏறியும் கண்ணை மூடிக்கொண்டிருந்த அந்தச் சில்லை நினைத்தால் மட்டும், உச்சியிலிருந்து எனக்கு ஒரு கப்பல் தெரிகிறது. விளக்கெல்லாம் ஏற்றியிருக்கிறது. மேல்தட்டில் ஒருவர் நிற்கிறார். அது அம்மா பார்த்த கப்பல்.