அம்மி போட்டாச்சு

காலை 6.40. செங்கல்பட்டுப் பேருந்து நிலையம். திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம், முப்பது கிலோமீட்டர் சொச்சம். ‘அம்மி’ என்ற ஒற்றைச் சொல்லுக்காகத்தான் கிளம்பினேன். அம்மி கொத்துகிற ஊரில் அந்தச் சொல்லை வைத்து என்னென்ன பேசுகிறார்கள் என்று கேட்க ஆசை. சொலவடை என்றால் எனக்குப் பித்து. பள்ளிக்கூடத்தில் கற்றதைவிட பஸ்ஸில் கேட்டுக் கற்றதுதான் அதிகம்.

பக்கத்து இருக்கையில் ஒரு பெண்மணி, நாற்பத்தைந்து வயதிருக்கும். மடியில் பழம்புடவை மூட்டை. கண்டக்டர் குனிந்து தட்டிப் பார்த்தார்.

“இன்னாம்மா இது, கல்லா?”

“கொழவிப்பா. கொழவி மட்டும்.”

“அம்மி எங்க? ஆடி பொறக்கறதுக்கு முந்தியே காத்துல பறந்துட்ச்சா?”

பஸ்ஸே சிரித்தது. அந்தப் பெண்மணியும் சிரித்தார். அந்தச் சிரிப்பு முகத்தில் தங்கவில்லை. அதனால்தான் கேட்டேன்.

பெயர் தனலட்சுமி. சொந்த ஊர் மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு மீனவர் குப்பம். இப்போது கூடுவாஞ்சேரியில் மகள் ரேவதியோடு வாடகை வீடு. ரேவதி மறைமலைநகரில் வேலை; விடியும் முன்னே கம்பெனி பஸ் வந்துவிடும்.

“மிக்சி வாங்கின அன்னிக்கே எங்க வூட்டுக்காரரு அம்மிய தூக்கினு பூட்டாருண்ணா. படகுக்கு நங்கூரமாம். யோவ், நம்ம கல்யாணத்துல நான் மிதிச்ச கல்லுய்யான்னு கத்தினேன். அதான் நம்பி எடுத்துனு போறேன்னாரு.”

கடலில் கயிற்றை இறக்கியதும் போன் வருமாம். “அம்மி போட்டாச்சு” என்பார் அவர். “சாப்ட்டியா?” என்பார் இவர். அவ்வளவுதான் பேச்சு. நான் கேட்ட அம்மிப் பேச்சிலேயே சின்னது இதுதான்.

மூன்று வருடம் முன்பு, ஐப்பசியில், படகு மட்டும் கரைக்கு வந்தது. கயிறு அறுந்திருந்தது. ஆளும் கிடைக்கவில்லை, அம்மியும் கிடைக்கவில்லை. வீட்டில் மிஞ்சியது குழவி.

ஆவணியில் ரேவதிக்குக் கல்யாணம். இந்தக் குழவிக்கு ஒத்துவருகிற அம்மி ஒன்று வாங்கத்தான் இந்தப் பயணம்.

“பொண்ணு அம்மி மிதிக்கறப்ப, தாலி எறக்கினவ நான் முன்னால போய் நிக்க முடியாது. அவரும் இல்ல. இதுனாச்சும் பக்கத்துல நிக்கட்டுமேண்ணா.”

அம்மிச் சொலவடை எழுத எடுத்த நோட்டை மூடிப் பைக்குள் வைத்தேன்.

காலை 8.30. மாமல்லபுரம். சாலையோரக் கற்கடைகளில் மெஷின் சத்தம். காற்றெல்லாம் வெள்ளைத் தூசி. நானும் அவர் கூடவே கடை கடையாக ஏறினேன். மூன்றாவது கடையில் முதலாளியே ஒரு பெண்.

“அம்மி தனியா குடுக்கறதில்லம்மா. அதுவும் கல்யாணத்துக்கு. ஜோடிய பிரிச்சுக் குடுத்துட்டு நான் எப்படி சோறு துன்றது?”

“வெச்சிப் பாக்கறேன். பாக்கறதுக்கு இன்னா?”

அந்தம்மா மறுக்கவில்லை. தனலட்சுமி மூட்டையைப் பிரித்து, குழவியைப் புது அம்மியின் மேல் வைத்து ஒரு தள்ளு தள்ளினார். அது தடதடவென்று ஆடியது. நடுவே தேய்ந்த குழவி. அதே பள்ளமுள்ள கல்லில்தான் உட்காரும். இன்னொரு அம்மி, இன்னொன்று. நாலாவதில் கையை எடுத்துக்கொண்டார்.

“எதுலயும் ஒக்கார மாட்டேங்குது.”

“அது உன் கல்லோட தேஞ்சதும்மா,” என்றார் கடைக்காரம்மா, மெதுவாக. “இன்னொண்ணோட சேராது.”

தனலட்சுமி குழவியை மறுபடி புடவையில் சுற்றினார். வெகுநேரம் சுற்றினார். பிறகு, “புதுசு ஜோடியாவே குடு” என்றார். “எம்பொண்ணுக்கு ஜோடியாவே இருக்கட்டும்.”

மாலை 3.30. படகு கிளம்புகிற நேரம் பார்த்து, தனலட்சுமியின் குப்பம். ஷேர் ஆட்டோவிலிருந்து புது அம்மியை நான்தான் இறக்கினேன், இடுப்பு பிடித்துக்கொண்டது. தனலட்சுமியின் கொழுந்தன் ஏழுமலை வலையோடு கிளம்பிக்கொண்டிருந்தான்.

“இன்னா அண்ணி, வூட்டு சாமானெல்லாம் கடலுக்கே சீரா? மிக்சி எப்ப வருது?”

அவர் மூட்டையை நீட்டினார். “உங்கண்ணன் அம்மி போடற எடம் உனக்குத் தெரியுமில்ல?”

அவன் சிரிப்பு நின்றது. “பார்கிட்ட அண்ணி.” பார் என்றால் கடலுக்கடியில் கிடக்கிற பாறை. “அங்க நாங்க யாரும் வலை போடறதில்ல.”

“வலை வேணாம். இத்த போட்டுட்டு வா. அது அங்க தனியா கெடக்குது.”

ஏழுமலை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். படகு அலையைத் தாண்டிப் புள்ளியாகும்வரை அவர் உட்காரவில்லை.

மாலை 5.10. போன் அடித்தது. காற்று இரைச்சலுக்காக ஸ்பீக்கரில் போட்டார்.

“போட்டாச்சு அண்ணி.”

அவர் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் இன்ஜின் சத்தம் மட்டும் கேட்டது.

“அண்ணி? கேக்குதா?”

“சாப்ட்டியா?” என்றார்.

“சாப்ட்டேன் அண்ணி” என்றான் ஏழுமலை.

இரவு 7. திரும்பும் பஸ். எத்தனையோ ஊர் போய் எத்தனையோ சொலவடை கொண்டுவந்திருக்கிறேன். இன்று இரண்டு சொல்தான், அதுவும் அடுத்தவர் வீட்டுச் சொல். எடுத்து வைத்துக்கொள்ள மனம் வரவில்லை.

புது அம்மி இருக்கைக்கு அடியில், அதன் குழவி என் மடியில். வண்டி திரும்பியபோது அது நகர்ந்தது. தனலட்சுமி சட்டென்று ஒரு காலை அதன் மேல் ஊன்றி நிறுத்தினார். மறுநொடியே, நெருப்பைத் தொட்டதுபோல் காலை இழுத்துக்கொண்டார். மகள் மிதிக்க வேண்டிய கல்.

அதற்குப் பிறகு செங்கல்பட்டு வரை, வளைவு வந்தபோதெல்லாம், குனிந்து கையாலேயே பிடித்துக்கொண்டு வந்தார்.