முதல் இரண்டு அடி யாருடையது?

ஆர்மோனியம் வாசிக்கிறவனுக்கு விரல் வலி பெரிதில்லை. புதிதாக ஒன்றை வாசித்து முடித்தவுடன் "எங்கேயோ கேட்ட மாதிரி இருக்குதே" என்று ஒருவர் சொல்வாரே, அதுதான் வலி. நாடகத்துக்கு மெட்டுப் போட்டுப் பிழைத்த உங்களுக்கெல்லாம் இது தெரியும்.

அச்சாபீஸில்

அறுபதுகளில் பொம்மிடிப் பக்கத்து ஊர்களில் மாதா கோயில் திருவிழா நாடகங்களுக்கு நான்தான் ஆர்மோனியம். சினிமா மெட்டில் நம் வார்த்தைகளை ஏற்றிப் பாடுவது அப்போது வழக்கம். பாட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு பாட்டின் தலையிலும் 'இன்ன பாட்டின் மெட்டு' என்று அச்சடித்தும் விடுவோம். யாரும் அதைத் திருட்டு என்று நினைத்ததில்லை.

ஒரு வருடம், ஓடிப்போன மகனைத் தேடும் தகப்பன் பாட்டுக்கு மட்டும் சொந்தமாக மெட்டுப் போட்டேன். அதன் தலையில் என்ன போடுவது என்று அச்சாபீஸ்காரர் கேட்டார். ஒன்றும் வேண்டாம், என் மெட்டு என்றேன். "காலியா வுட்டா எப்படிங்க பாடுவாங்க? எதை மாதிரி இருக்குதுன்னாச்சும் சொல்லுங்க" என்றார். கடத்தூர் ரங்கசாமி வாத்தியார் தன் நாடகத்தில் காட்டுக்குப் போகும் ராணிக்குப் போட்ட பாட்டு என் வாயில் வந்துவிட்டது. எழுதிக்கொண்டே அச்சாபீஸ்காரர் சிரித்தார்: "பாத்தீங்களா, கேட்டா தன்னால வருது!"

வீட்டில்

திருவிழா அன்று காலை ரங்கசாமி வாத்தியார் அந்தப் புத்தகத்தோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். சண்டை போடவில்லை. "சினிமாக்காரன் மெட்டை எடுங்க, அவனுக்குத் தெரியப் போறதில்ல. எனக்கு இருக்கறதே நாலு மெட்டுங்க. மைக்குல என் பேரைச் சொல்லிடுங்க" என்றார். அவ்வளவுதான் கேட்டார்.

அதுதான் எனக்கு முடியவில்லை. இருபது வருடம் வாசித்ததில் எனதென்று சொல்ல அந்த ஒரு பாட்டுதான். உள்ளே போனால் மனைவி மெதுவாகக் கேட்டாள்: "எங்க வூட்டுக்காரரு போட்ட பாட்டுன்னு ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கறேன், இப்ப என்னங்க பண்றது?"

ஒரே பெட்டி

திருவிழாக் கமிட்டித் தலைவர் சவரிமுத்து நிலத்தகராறு தீர்த்துப் பழகியவர். விஷயம் அவரிடம் போனது. கோயில் வாசலில் ஆர்மோனியப் பெட்டியை வைத்து, எங்கள் இருவரையும் மாற்றி மாற்றி வாசிக்கச் சொன்னார். வாசிக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. முதல் இரண்டு அடியும் அவருடைய ராணி நடந்த வழியிலேயே போயின. எப்போது கேட்டேன்? எடுத்தேனா, ஒட்டிக்கொண்டதா? இன்றும் யோசிக்கிறேன்.

மூன்றாம் அடியில் மெட்டு வேறு பக்கம் திரும்பியது. ரங்கசாமி கண்ணை மூடிக்கொண்டார். இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு சவரிமுத்துவிடம் சொன்னார்: "மூணாவது அடி என்னுது இல்லீங்க, நல்லாவே போட்டிருக்காரு. மொத ரெண்டை மட்டும் எனக்குக் குடுத்துடச் சொல்லுங்க."

மைக்கில்

சாயங்காலம் நாடகம் தொடங்குமுன் மைக் முன்னால் நின்றேன். பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கம் பார்க்கவில்லை. தகப்பன் பாட்டில் முதல் இரண்டு அடியின் மெட்டு கடத்தூர் ரங்கசாமி வாத்தியாருடையது என்றேன். மிச்சம் என்னுடையது என்று சொல்ல வாய் வரவில்லை. யாரும் இதைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. பாட்டு வந்தபோது அழுதார்கள்.

பஸ் ஏறுமுன் ரங்கசாமி என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. எங்க ராணிக்கு அந்த மூணாவது அடியை எடுத்துக்கட்டுங்களா?"

எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன், அது என்னுடையதுதானா என்று அவர் கேட்காமல் போனதில் எனக்கு இன்றும் ஒரு நிம்மதி.