நான் தப்பாக நடத்திய ஜாக்கெட் பிட் பாடம்

திண்டிவனத்துக் கல்லூரி ஒன்றில் ஆடை வணிகம் கற்பிக்கிறேன். விழுப்புரத்திலிருந்து தினமும் பஸ். பாடப்புத்தகத்தில் வரும் கடைகளெல்லாம் வெளிநாட்டுக் கடைகள். ஒரு கம்பெனியின் விற்பனை ஏன் படுத்தது என்று கேட்டால், மொத்த வகுப்பும் ‘விளம்பரம் செய்ய வேண்டும்’ என்று ஒரே வரியை எழுதி வைக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு நாள் புத்தகத்தை மூடி மேசைமேல் போட்டேன்.

“உங்க ஊர்க் கடை எதையாவது சொல்லுங்க. அதையே அலசுவோம்.”

கண்டாச்சிபுரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வரும் மாணவி எழுந்தாள். அதுவரை வாயே திறக்காதவள். அவள் அப்பாவுக்கு அங்கே சின்ன ஜவுளிக்கடை. “யாவாரம் டல்லா பூடுச்சு மேடம். இந்த முகூர்த்த சீசன்லயும் நிமிரலன்னா கடைய மூடிடுவேன், நீயும் காலேஜ நிறுத்திடுன்னு சொல்லிக்கினு இருக்காரு.”

வகுப்பு அன்றுதான் விழித்துக்கொண்டது. எது விற்கிறது, எது தேங்குகிறது என்று கரும்பலகையில் எழுதினோம். ஓர் அலமாரி முழுக்க மலிவான ஜாக்கெட் பிட் தேங்கிக் கிடந்ததாம். இந்தக் காலத்தில் யார் அதை வாங்கித் தைக்கிறார்கள்? பிட்டைத் திருப்பி அனுப்பு, ரெடிமேட் வை என்று தீர்ப்புச் சொன்னேன், பெரிய மேதை மாதிரி.

எனக்கு அது வகுப்புப் பயிற்சி. அவளோ வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறாள். டீச்சரே சொல்லிவிட்டார்கள் என்று அவள் அப்பாவும் அத்தனை பிட்டையும் மொத்த வியாபாரியிடம் திருப்பிவிட்டார்.

தை பிறந்தது. ஒரு திங்கட்கிழமை, வகுப்பு முடிந்தும் அவள் போகாமல் நின்றாள்.

“கல்யாண வீட்டுக்காரங்க வந்து பிட்டு கேக்குறாங்க மேடம். இல்லன்னதும் பொடவையையும் பக்கத்துக் கடையிலயே எடுத்துக்கிறாங்க. அப்பா உங்கள ஒண்ணும் சொல்லல.”

கடைசி வாக்கியம்தான் சுட்டது. அந்தச் சனிக்கிழமையே கடைக்குப் போய் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தேன். கெடாரிலிருந்து ஓர் அம்மா வந்தார். “வெத்தல பாக்கோட வச்சுக் குடுக்க முப்பது பிட்டு வேணும்ணா. யாரு தைக்கப் போறாங்க, கலரு பளிச்சுன்னு இருந்தா போதும்.” இல்லை என்றதும் போய்விட்டார்.

எனக்குப் பொறி கலங்கியது. என் வீட்டு பீரோவிலேயே ஒரு பை நிறையப் பிட் கிடக்கிறது. வளைகாப்பில் வாங்குவேன், கிரகப்பிரவேசத்தில் யாருக்காவது கொடுப்பேன். ஒன்றைக்கூடத் தைத்ததில்லை. முகூர்த்த மாதங்களில் கொடுப்பதற்கென்றே வாங்கும் துணியை, தைக்க ஆளில்லை என்று ஒதுக்கச் சொல்லியிருக்கிறேன்! வெட்கமாக இருந்தது. தப்பு என்னுடையது என்று கல்லாவில் இருந்த அவள் அப்பாவிடம் சொன்னேன்.

“வுடுங்க டீச்சர். வருசக்கணக்கா கடையில உக்காந்துக்கினு இருக்கேன், எனக்கே தோணலியே,” என்றார் அவர்.

திங்கட்கிழமை கரும்பலகையை அழித்துவிட்டு அதே கடையை முதலிலிருந்து எடுத்தோம். பிட்டோடு மஞ்சள், குங்குமம், சீப்பு, வளையல் சேர்த்துத் தாம்பூலக் கவர் போடலாம் என்றது வகுப்பு. காணையிலிருந்து வரும் பெண் ஒருத்தி, “பத்திரிகை அடிக்கிற கடையில சொல்லி வைக்கலாம் மேடம். யாரு வீட்ல கல்யாணம்னு அவங்களுக்குத்தானே மொதல்ல தெரியும்?” என்றாள். இது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? எனக்குக் கைதட்டத் தோன்றியது, தட்டினேன். கண்டாச்சிபுரத்துக்காரியின் அப்பா பிட்டைத் திரும்ப வரவழைத்தார். மாசி முகூர்த்தங்களுக்குக் கவர்கள் போதவில்லை. அவளோடு அவள் தங்கையும் உட்கார்ந்து கட்டினாளாம்.

ஆண்டுத் தேர்வில், தெரிந்த கடை ஒன்றின் தவறுகளை எழுதச் சொல்லியிருந்தேன். அவள் விடைத்தாளில் முதல் வரி: ‘ஆலோசனை சொன்னவர் கடைக்கு வராமலே சொன்னார்.’

சிவப்புப் பேனாவால் அந்த வரியை அடிக்கோடிட்டேன். பிறகு முழு மதிப்பெண் போட்டேன். ஜூனில் மூன்றாம் ஆண்டு வகுப்பு திறந்தபோது, அவள் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.