வண்டித்தாவளத்தில் ஓர் அறுப்பு வண்டி

சூரியநெல்லியில் ஜீப் ஏறியபோது இன்னும் விடியவில்லை. மூணாறு வரை ஜீப், அங்கிருந்து உடுமலைப்பேட்டை பஸ். மறையூர், சின்னாறு சோதனைச் சாவடி தாண்டினால் தமிழ்நாடு. உடுமலை, பொள்ளாச்சி கடந்து கோபாலபுரத்தில் மறுபடியும் கேரளம். பாலக்காட்டின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்கு எங்களுக்கு இதுதான் வழி.

இந்த முறை விருந்துக்குப் போகவில்லை. அக்காவும் அத்தானும் பழைய நெல் அறுவடை இயந்திரம் ஒன்று வாங்க முடிவு செய்திருந்தார்கள். எனக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் வேலை. படித்தது மெக்கானிக்கல் டிப்ளமோ. வாழ்நாளில் ஒரு நெல் வயலிலும் வேலை செய்ததில்லை. ஆனாலும் இன்ஜின் இன்ஜின்தான் என்று அக்கா கூப்பிட்டுவிட்டாள்.

காரணம் போன வருடத்து முதல் போகம். ஐந்து ஏக்கர் நெல்லும் முற்றி நின்றபோது, வாடகை வண்டி அனுப்பும் ஏஜென்ட் வியாழக்கிழமை வரும் என்றார். வண்டி வந்தது அடுத்த வாரக் கடைசியில். அதற்குள் பெய்த மழையில் பயிர் சாய்ந்து, கதிரிலேயே நெல் முளைத்துவிட்டது. பாதியை வாத்து மேய்ப்பவர்கள் தீவனத்துக்கென்று வாங்கிக்கொண்டு போனார்கள். இந்தப் போகத்தின் பயிர் அறுப்புக்கு வர இன்னும் பத்து நாள்தான் இருந்தது. அக்கா போனில் ஒரே வாக்கியம்தான் சொன்னாள்: "இன்னொருக்க இப்படி ஆச்சுன்னா நெலத்தைக் குத்தகைக்கு விட்டுட்டு நான் அங்க கொழுந்து எடுக்க வந்துருவேன்."

பகல் பதினொன்றரைக்குக் கோபாலபுரத்தில் இறங்கினேன். பக்கத்து வீட்டுக்காரரின் பிக்கப் வண்டியுடன் இருவரும் காத்திருந்தார்கள். டீக்கடையில் பன்னிரண்டு ரூபாய் டீ குடித்துவிட்டு, எதிரே இருந்த பழைய வண்டி விற்கும் இடத்துக்குப் போனோம். அங்கே டயரில் ஓடும் அறுப்பு வண்டி ஒன்று, பச்சைப் பெயிண்ட் காயாத குறையாக மின்னியது. அத்தான் அதைச் சுற்றிச் சுற்றி வந்து என்னைக் கூப்பிட்டார்.

"அம்மிணி, எப்புடி நிக்குது பாத்தீங்களா! ஆனையாட்ட இருக்குது."

"உங்க வயல் அறுப்பு நேரத்துல காஞ்சிருக்குமா அத்தான், சேறா இருக்குமா?"

"கால்வாய்த் தண்ணியில்லீங்களா, சேறுதானுங்க."

"அப்ப இந்த ஆனை இறங்கினா ஏறாது."

அத்தான் மறுபடி ஒருமுறை டயரைத் தட்டிப் பார்த்துவிட்டு வந்தார். சேற்று வயலுக்கு ரப்பர் சங்கிலியில் ஓடும் செயின் வண்டிதான் சரி. அப்படி ஒன்று வண்டித்தாவளத்தில் ரங்கசாமி என்பவரிடம் இருப்பதாகத் தகவல். வழியெல்லாம் தென்னையும் நெல்லும் மாறி மாறி வந்தன. சில வயல்கள் மஞ்சளாகித் தலை சாய்த்திருந்தன. அக்கா வானத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ரங்கசாமி வாசலிலேயே நின்றார். ஐம்பது வயதிருக்கும். "வாங்க வாங்க. மொதல்ல வண்டியைப் பாத்துருங்க, அப்புறம் பேசிக்கலாமுங்க" என்று எங்களைக் களத்துக்கு இழுத்தார். பெயிண்ட் வெளுத்த, உயரம் குறைந்த செயின் வண்டி. சாவியைத் திருப்பியதும் ஒரே உறுமலில் கிளம்பியது. அத்தான் முகம் மலர்ந்தது. நான் அணைக்கச் சொல்லிவிட்டு இன்ஜின் மூடியின் மேல் கை வைத்தேன். தோசைக்கல் மாதிரி சுட்டது.

"காலையில ஓட்டுனீங்களா?"

"நீங்க வாரீங்கன்னு கொஞ்சம் சூடு பண்ணி வெச்சேனுங்க. வண்டிங்களா, அப்படித்தானுங்க."

பழைய இன்ஜினின் குறை, ஆறிக் கிடந்து கிளம்பும்போதுதான் தெரியும். ஆனால் முதல்முறை வந்த வீட்டில் நின்று, இது ஆறும்வரை உட்கார்ந்திருக்கிறேன் என்று எப்படிச் சொல்வது? அந்தச் சங்கடத்தை ரங்கசாமியின் மனைவி சரசு தீர்த்துவைத்தார். சமையலறையிலிருந்து அவர் போட்ட சத்தம் களம் வரை கேட்டது.

"ஏனுங்க, ஊட்டுக்கு வந்தவங்களை வெறும் வயித்தோட மெஷினைக் காட்டிட்டு நிக்கறீங்களே, வெக்கமா இல்லீங்களா? எலை போட்டாச்சு, வாங்க எல்லாரும்."

"அஞ்சு நிமிசம் சரசு, வயல்ல ஒரு சுத்து..."

"வயல் எங்கேயும் ஓடிப் போவாது."

நான் மிக நிதானமாகச் சாப்பிட்டேன். சாம்பார், பூசணிக்காய்ப் பொரியல், பிறகு ரசம் இரண்டு முறை. ரங்கசாமி ஐந்தே நிமிடத்தில் கை கழுவிவிட்டு ஜன்னல் வழியாகக் களத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மோருக்கும் சோறு கேட்டேன்.

"அம்மிணிக்கு எஸ்டேட்டுல சோறே போடறதில்லையாட்ட இருக்குது" என்றார் அத்தான்.

"சும்மா இருங்க. அவ சாப்புடட்டும்" என்றாள் அக்கா. அவளுக்குப் புரிந்துவிட்டது. தானும் இன்னொரு கரண்டி பொரியல் கேட்டாள். இரண்டு பேர் கேட்டுக் கேட்டுச் சாப்பிடுவதில் சரசுவுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். வெற்றிலை, வீட்டுப் பசுவின் கன்று, மகளின் கல்யாண ஆல்பம் என்று நேரம் நகர்ந்தது. மூன்று மணிக்குப் போய்த் தொட்டபோது இன்ஜின் ஆறியிருந்தது.

ரங்கசாமி சாவியைத் திருப்பினார். வண்டி இருமியது. மறுபடி திருப்பினார். பல தடவைக்குப் பிறகு களம் முழுக்க வெள்ளைப் புகை. கோழிகள் சிதறி ஓடின.

"பொகையடிச்சுக் கொசுவை ஓட்டறதுக்கு ஆகுமுங்க" என்று அத்தான் எழுந்து வேட்டியை உதறினார். அவரைப் பொறுத்தவரை பேச்சு முடிந்துவிட்டது.

எனக்கு முடியவில்லை. இன்ஜின் ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பார்த்தேன். அதன் வழியே புகை வரவில்லை. சூடானதும் வெள்ளைப் புகையும் நின்றுவிட்டது. அப்படியானால் உள்ளே தேய்மானம் பெரிதாக இல்லை. டீசல் பீய்ச்சும் நாஸில்தான் பழுது. அதை மாற்றிவிடலாம். கதிரடிக்கும் உருளையின் பற்களும் சங்கிலியும் நன்றாக இருந்தன.

மிச்சம் இருந்தது வயல். ரங்கசாமியின் முற்றிய நெல்லில் ஒரு சால் ஓட்டச் சொன்னேன். வண்டியின் பின்னால் வைக்கோல் விழும் இடத்தில் அக்காவும் நானும் ஒரு தார்ப்பாயை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு சேற்றில் ஓடினோம். அக்கா ஒருமுறை முழங்கால் வரை இறங்கி, சிரித்துக்கொண்டே எழுந்தாள். வரப்பில் போட்டு வைக்கோலை உதறிப் பார்த்தால், வீணாகி வந்த நெல் அவள் உள்ளங்கையில் அடங்கியது.

"பொகை வந்தா வரட்டும். நெல்லு வீணாகலைல்லா?" என்றாள்.

ஆறரை லட்சம் சொன்னவர், புகைக்காக ஐந்தே முக்காலுக்கு இறங்கினார். அத்தான் முன்பணத்தை எடுக்கும்போது ரங்கசாமி சாதாரணமாகச் சொன்னார்: "எனக்கு எட்டு ஏக்கரா, தம்பிக்கு ஆறு. அதை முத்த முத்த அறுத்துட்டு வண்டியை உட்டர்றேனுங்க. மழை பேயலைன்னா ரெண்டு வாரம்."

"அதுக்கென்னங்க" என்றார் அத்தான்.

"முடியாதுங்க" என்றாள் அக்கா.

எல்லோரும் அவளைப் பார்த்தோம். சேறு காய்ந்த சேலையோடு வரப்பில் நின்றிருந்தாள்.

"பேப்பர் இன்னைக்கே எங்க பேருக்கு எழுதுங்க. எங்க பயிர் முத்துற வரைக்கும் உங்க வயலை அறுங்க, வேண்டாங்கல. ஆனா எங்க நெல்லு முத்துன அன்னைக்கு நான் போன் பண்ணுவேன். பாதி வயல்ல நின்னாலும் வண்டி லாரி ஏறணும். மிச்சத்தை எங்க வீட்டுக்காரர் வந்து அறுத்துத் தருவாரு, வாடகை வேண்டாம்."

"அம்மிணிக்கு எம்மேல நம்பிக்கை இல்லீங்களா?"

"போன வருசம் ஒருத்தரை நம்பினேன்ங்க. வாத்துதான் தின்னுச்சு."

ரங்கசாமி தன் வயலைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். சரசுதான் பேசினார்: "வித்துட்டா அது அவங்க வண்டிதானுங்களே. கையெழுத்தைப் போடுங்க."

மறுநாள் காலை பொள்ளாச்சி வரை அக்காவே வந்து பஸ் ஏற்றிவிட்டாள். மறையூர் ஏற்றத்தில் குளிர்காற்று வந்தது. எங்கள் தொழிற்சாலையில் கொழுந்தை உருட்டும் மெஷின் நின்றால் நான்தான் சரி செய்கிறேன். வீணாவது யார் பறித்த கொழுந்து என்று நான் கேட்டதில்லை. எல்லாக் கொழுந்தும் ஒரே குவியலாகத்தான் வருகிறது. ஐந்து ஏக்கரில் அப்படி இல்லை. அந்த வண்டி நின்றால் யாருடைய நெல் என்று எனக்குத் தெரியும்; வண்டியைத் தேர்ந்தெடுத்தவளும் நான்தான்.

மூணாறு வருவதற்குள், புது நாஸிலை மாட்டி அக்கா வயலில் முதல் சால் ஓடும்வரை கூடவே நிற்க மூன்று நாள் லீவு கேட்டு மேனேஜருக்கு மெசேஜ் அனுப்பினேன். தேதி பிறகு சொல்கிறேன் என்றும், காரணம் குடும்ப விசேஷம் என்றும் எழுதினேன்.