பக்கத்து மக்காச்சோளம்

நான் வேலை பார்க்கும் ஆய்வகத்தில், ஒரு பாக்டீரியா உண்டாக்கும் புரதத்தைப் புழுக்களுக்குக் கொடுத்துப் பார்ப்போம். பயிரில் தெளிப்பதற்கான பூச்சிமருந்து அது. தின்ற புழு முதலில் இரையெடுப்பதை நிறுத்தும். பிறகு உடல் தளரும். மறுநாள் தூரிகை நுனியால் தொடுவேன். அசைந்தால் உயிர், அசையாவிட்டால் சாவு.

தேவாரத்தில் இருக்கும் என் அக்கா பட்டுப்புழு வளர்க்கிறாள். "நீ அங்கன கொல்லு, நான் இங்கன வளக்குறேன், சரியாப் போகும்" என்பாள்.

ஆடியில் விடுப்பெடுத்து அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். புழுக்கள் கடைசித் தோலுரிப்பை முடித்து இலையை வாரித் தின்னும் பருவம். இன்னும் சில நாளில் கூடு கட்டத் தொடங்கும். முந்தைய வளர்ப்பு முழுதும் வெயிலில் போயிருந்ததால், அக்காவுக்கு அந்த வருடம் மிஞ்சியது இதுதான்.

புழு வளர்க்கும் மனைக்குள் போகும்முன் கைகால் கழுவ வேண்டும். பவுடர் கூடாது, கொசுவர்த்தி வாசம் கூடாது. ஒருநாள் காலை கால் கழுவும்போதே ஏதோ குறைந்தது. சத்தம். அத்தனை புழுவும் மெல்லும்போது உள்ளே ஓயாத சரசரப்பு இருக்கும்.

மொத்தம் ஆறு அடுக்குகள். நான்கில் முந்தைய மாலை வைத்த இலை ஓரம் மட்டும் கடிபட்டு அப்படியே கிடந்தது. புழுக்கள் துணிபோல் தொய்ந்திருந்தன. இரண்டில் மட்டும் தின்றுகொண்டிருந்தன. நான் காரணங்களை ஒவ்வொன்றாக ஒதுக்கினேன். சூடு இல்லை. ஈரம் இல்லை. முட்டை ஒரே இடத்தில் வாங்கியது. மிஞ்சியது இலை. தின்றவற்றுக்கு அக்காவின் மல்பெரித் தோட்டத்தில் வாய்க்கால் ஓரத்து இலை, தின்னாதவற்றுக்கு மேற்குப் பக்கத்து இலை. மேற்கே பெரியப்பாவின் மக்காச்சோளம்.

அவர் அப்பாவுக்குப் பங்காளி. எங்கள் பக்கம் மருந்து அடிப்பவர், மல்பெரி வைத்திருப்பவரிடம் முதல் நாளே சொல்லிவிடுவார். மல்பெரிக்காரர்கள் வேண்டிய இலையை அறுத்து ஈரச்சாக்கில் மூடிவைத்துவிட்டு, பிறகு சில நாள் அந்தப் பக்கம் கத்தி வைக்க மாட்டார்கள். பெரியப்பா இதில் ஒருமுறைகூடத் தவறியதில்லை.

அக்கா போன் போட்டதும் வந்தார். வாயிலிருந்த புகையிலையைத் தூரத்திலேயே துப்பிவிட்டு வெளியே நின்றார். நேற்று மருந்து அடித்தீர்களா என்று அக்கா கேட்டதற்கு இல்லை என்றார்.

"சோளத்துல படைப்புழு வந்துருச்சேன்னு ஒன்னு அடிச்சேன். அது மருந்தில்லம்மா, இயற்கை. மண்ணுல இருக்கிற கிருமியாம். மாடு தின்னாலும் ஒன்னும் செய்யாதுன்னு கடையில சொன்னாக. ஒம் புழுவுக்காகத்தேன் அதைக் கேட்டு வாங்குனேன்."

அக்கா என்னைப் பார்த்தாள்.

அவர் கேட்டு வந்தது சரிதான் என்றேன். மாட்டுக்கு ஒன்றுமில்லை, மனிதருக்கு இல்லை, தேனீக்கும் இல்லை. புழுவின் குடலில்தான் அந்தக் கிருமியின் புரதம், எங்கள் ஆய்வகத்தில் இருக்கும் அதே புரதம், கரைந்து, ஒட்டி, ஓட்டை போடும். பட்டுப்புழுவும் அதற்குப் புழுதான். ஆடிக்காற்று அதை மல்பெரி இலைக்குக் கொண்டுவந்திருக்கும். ஆய்வகத்துக்கு வருபவர்களிடம் விளக்கும் அதே குரலில் சொன்னேன். வேறு குரல் வரவில்லை.

பெரியப்பா மொபெட்டை எடுத்துக்கொண்டு போனார்.

நாங்கள் நான்கு அடுக்கையும் பிரித்தோம். தூரிகை இல்லாததால் இலைக்காம்பால் தொட்டேன். அசைந்தவை தட்டுக்கு, அசையாதவை சாக்குக்கு. தட்டில் விழுந்தவை கொஞ்சம்தான். அக்கா சாக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. வாய்க்கால் ஓரத்து இலை இன்னும் ஒருவேளைக்குத்தான் வரும், அதற்குமேல் மற்ற இரண்டு அடுக்கும் பட்டினி என்று மட்டும் சொன்னாள்.

மதியம் பெரியப்பா மார்க்கையன்கோட்டையிலிருந்து மல்பெரிக் கட்டுகளோடு வந்தார். வாசலில் இறக்கினார். அக்கா தொடவில்லை.

"பக்கத்துல என்ன போட்டுருக்காக?"

"தென்னை. நாலு பக்கமும் நடந்து பாத்துட்டுத்தேன் அறுத்தேன். மருந்து அடிச்சீகளான்னு கேட்டேன். இயற்கையா ஏதும் அடிச்சீகளான்னும் கேட்டேன்."

அக்கா ஒரு கிளையை மட்டும் உருவித் தனித்தட்டில் வைத்து, அதில் சில புழுக்களை விட்டாள்.

"ஏ புள்ள, இது ஒன் வேலைதான. எம்புட்டு நேரம் பாக்கணும்?"

சாயங்காலம் வரை என்றேன். பெரியப்பா வெளியே மொபெட் நிழலில் உட்கார்ந்துகொண்டார்.

சாயங்காலம் தட்டில் இலை நரம்புதான் இருந்தது. புழுக்கள் தலையைத் தூக்கித் தேடின. அக்கா மற்றக் கட்டுகளை அவிழ்த்துப் பரப்பினாள். இரண்டு அடுக்கிலிருந்து சரசரப்பு வந்தது.

"திங்குதா?" என்றார் பெரியப்பா வெளியிலிருந்து.

"திங்குது. காலக் கழுவிட்டு உள்ள வாங்க."

தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. அவர் உள்ளே வரவில்லை. "நேத்து அதை அடிச்ச கையிம்மா, நான் இங்கனயே இருக்கேன்" என்றார்.